இதோ, பக்கத்துலதான்

எங்கள் பூங்காவில் சித்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ரேடியோதான். தேசியப் பூங்கா என்ற பெரிய பட்டத்தைச் சுமந்து நிற்கும் சின்ன மலை இது. ஒரு நுழைவாயில், ஒரு வாகன நிறுத்தம், ஒரு உணவகம், அவ்வளவுதான். உணவகச் சமையற்கட்டிலிருந்து, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம!" என்று சித்தி குரல் கொடுத்தால் மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் பழைய கற்பாலம் வரை கேட்கும் என்று காவலர்கள் சொல்வார்கள். பாதி உண்மை.

என் அம்மாவுக்கு நேர் இளையவள். இங்கே பாத்திரம் கழுவ வந்தவள், சில வருடங்களில் அடுப்படியையே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். சமையற்கட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை. ஒரு கட்டில், ஆணியில் மழைக்கோட்டு, வாகன நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல். வீட்டின் முதல் பட்டதாரியான நான், பூங்கா அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்ததும் அந்த அறைக்குத்தான் பெட்டியோடு வந்தேன். பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே விளங்காத நாட்கள் அவை. சித்திக்கு மட்டும் தனக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இருந்ததில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது தகவல் கவுண்டர். அதில் இருந்த பெண்மணி மாற்றலாகிப் போனதும், சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அதிகாரியின் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

"சார், அந்த நாற்காலி சும்மாத்தானே கிடக்கு? நான் உக்காரட்டுமா?"

அதிகாரி சிரித்தார். "ஒரு வாரம் பார்க்கலாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுபடி சமையல்கட்டுதான். சம்மதமா?"

"சம்மதம் சார்."

கண்ணாடிக்குப் பின்னால் சித்தி அமர்ந்ததும் மைக் தேவையற்ற பொருளாகிவிட்டது. காலையில் மலை, மூடுபனி ஏறிய பிறகு கீழே இருக்கும் பழைய சுங்கச்சாவடி, கற்பாலம் என்று வந்தவர்களின் நாளையே அவள் பிரித்துக் கொடுத்தாள். அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள்.

ஆனால் இந்த மலையில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் "இதோ, பக்கத்துலதான்" என்போம். தோட்டக்காரர், காவலர், வேன் ஓட்டுநர், எல்லோரும்தான். ஏமாற்றுவதற்காக இல்லை. தினமும் ஏறி இறங்கும் காலுக்கு எல்லாமே பக்கம்தான். திசைப் பலகைகளில் கிலோமீட்டரைச் சரியாக எழுதியது நான். ஏற்றத்தை எழுத எனக்கும் தோன்றவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் வயதான தம்பதி ஒன்று வந்தது. மேட்டின் உச்சியில் இடிந்து நிற்கும் காவல் கோபுரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"ரொம்ப ஏறணுமாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். "இவரு வாழ்நாள் பூரா ஏறி இறங்கினவரு. ஆனா லிஃப்ட்ல. லிஃப்ட் ஆபரேட்டர்."

"அரை மணி நேரம்மா. இதோ, பக்கத்துலதான்" என்றாள் சித்தி.

மதியம் மூடுபனி ஏறியது. கடைசி வேன் கிளம்ப ஆயத்தமானது. சித்தி கண்ணாடி வழியே இறங்கி வருபவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்த லிஃப்ட்காரரு இறங்கிட்டாரா?"

"நான் பார்க்கல சித்தி."

காவலர் தான் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். "அனுப்பினது நான், நானே போறேன்" என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில், பாறை மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அடிபடவில்லை, மூச்சுதான் வாங்கியது. அந்த அம்மா எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அரை மணியா? யாருக்கு அரை மணி? ஆட்டுக்கா?"

நான் சித்தியைப் பார்த்தேன். பெரியவர் மேலே பார்த்து, "வந்ததுதான் வந்தோம், பார்த்துட்டே இறங்கலாம். இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார்.

சித்தி வாயைத் திறந்தாள். அந்தப் பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது எனக்கே தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "தெரியலைங்க ஐயா. என் காலுக்குத் தெரியும், உங்க காலுக்குத் தெரியாது. இன்னைக்கு இறங்கிடலாம்" என்றாள்.

பிறகு வளைவின் ஓரத்தில் நின்று, "வண்டிய எடுக்காதீங்க! நாலு பேர் வர்றோம்!" என்று கத்தினாள். கீழே வேனின் ஹாரன் பதில் சொன்னது.

இறங்கும்போது பெரியவர் நின்ற இடத்திலெல்லாம் சித்தியும் நின்றாள். அவர் உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்தாள். வருடக்கணக்காக ஓடி ஏறிய பாதையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "இந்த இடம் இவ்வளவு செங்குத்தா இருக்காடி?" என்று மெதுவாக என்னைக் கேட்டாள்.

கீழே வேனருகில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"சார், புகார் வந்திருக்கு. நானே கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"புகார்தான்!" என்றார் அந்த அம்மா. "பாதி வழியில இவரு மூச்சு வாங்கினப்போ எனக்கு உயிரே போயிடுச்சு."

அதிகாரி சித்தியைப் பார்த்தார். "பேச்சு பேச்சுதானே?"

"பேச்சு மாறமாட்டேன் சார். அடுப்படிக்கே போறேன். ஆனா அந்த நாற்காலியில யாரை உக்கார வெச்சாலும் இதையேதான் சொல்லுவாங்க. நாங்க எல்லாரும் ஒரே மாதிரி காலு. உக்கார்றவங்க முதல்ல மூச்சு வாங்கற ஒருத்தரோட மேல போய்ட்டு வரணும். நாளைக்கு இவங்களை நானே கூட்டிட்டுப் போறேன். அப்புறம் முடிவு பண்ணுங்க."

"நாளைக்கா!" என்று பெரியவர் முழங்காலைத் தடவினார்.

"வர்றோம்" என்றார் அந்த அம்மா. "கோபுரத்தைப் பார்க்காம ஊருக்குப் போனா இவரு என்னைத்தான் குத்திக் காட்டுவாரு."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ கவுண்டர்ல யாரு?"

"இதோ நிக்கிறாளே. படிச்ச பொண்ணு, சமாளிப்பா."

மறுநாள் விடியலின் வெளிச்சம் பரவியதும் மூவரும் கிளம்பினார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் திணறிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார்கள். பெரியவர் சட்டையெல்லாம் நனைந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.

"பார்த்தாச்சு" என்றார் அதிகாரியிடம். "பதினேழு இடத்துல உக்கார வெச்சு, மேல கொண்டுபோய்ச் சேர்த்துட்டாங்க."

"பதினெட்டு" என்றார் அவர் மனைவி. "இன்னைக்குப் புகார் இல்லை சார். நேத்து சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எழுந்திரும்மா. அது அவங்க இடம்."

நான் எழுவதற்குள் சித்தி உள்ளே வந்து தோளால் என்னை நகர்த்திவிட்டாள். உட்காரக்கூட இல்லை. வரிசையின் முன்னால் தோளில் குழந்தையோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, குழந்தை நடக்குமா, இல்ல உங்க தோள்லயேதான் வருமா? அதைச் சொல்லுங்க முதல்ல."