மெத்தைக் கடைக்காரரின் விளையாட்டு விழா

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் எல்லோருக்கும் அவள் ‘மேடம்’. புகுந்த வீட்டில் ‘சைரன்’. இரண்டாவது பட்டத்தைச் சூட்டிய பெருமை அவள் கணவனின் அண்ணனைச் சேரும்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் அந்த மையத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மாடியிலிருந்து நீச்சல் குளத்துக்குக் குதித்து, பாதி வழியில் மனம் மாறியவர்கள் ஒரு பக்கம். அடுப்பு பற்றவில்லையே என்று கரியின் மேல் பெட்ரோலை ஊற்றிப் புருவத்தைப் பறிகொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். மனிதர்கள் சந்தோஷமாக இருப்பதற்குப் படும் பாட்டை அவளைப் போல் அறிந்தவர்கள் குறைவு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள், “எங்கே இருக்கீங்க?” என்று கேட்டால் “இங்கதான், சீக்கிரம் வாங்க” என்று கத்துகிறவர்களை மட்டும் அவளால் தாங்க முடியாது. இருக்கிற இடம்கூடத் தெரியாமல் எப்படித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்களோ என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி அலுப்போடு சிரிப்பாள்.

அண்ணனுக்கு மெத்தை வியாபாரம். வருடம் முழுக்க மாதிரிக்குப் போட்டிருக்கும் மெத்தையில் சாய்ந்தபடியே வாடிக்கையாளரை வரவேற்பார். சரக்கின் தரத்துக்கு அவர் தொப்பையே சாட்சி. ஆனால் விடுமுறைக்குக் குடும்பம் ஒன்றுகூடிவிட்டால் அவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் விளையாட்டு வீரர் சோம்பல் முறித்து எழுந்துவிடுவார். எழுந்தவர் சும்மா இருக்கமாட்டார். மற்றவர்களையும் இருக்கவிடமாட்டார்.

இந்த வருடம் ஏரிக்கரையில் ‘குடும்ப ஆரோக்கிய விளையாட்டு விழா’ என்று அறிவித்தார். எல்லோருக்கும் டீ-ஷர்ட் அடித்திருந்தார். ‘ஓடு, ஆடு, வாழு’ என்று முதுகில் எழுத்து. காற்று உள்ளே நுழைந்தால் அபராதம் போடுகிற மாதிரி ஒரு துணி. நிறம், நல்ல கறுப்பு.

“அத்தான், ஓட்டப்பந்தயத்தையெல்லாம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வச்சுக்கலாமே?” என்றாள் அவள்.

“ஆரம்பிச்சாச்சா! வேர்க்கணும்மா, வேர்த்தாத்தான் உடம்பு. ஆபீஸ் சங்கதியை ஆபீஸ்லயே விட்டுட்டு வா.”

“தண்ணி கேன் ரெண்டு கூட ஏத்திக்கலாமா?”

“ஏரிக்கே போறோம், இவ தண்ணி எடுத்துக்கலாமான்னு கேக்கறா!”

வேன் குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான், அண்ணன் சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. தண்ணீர் கேன் வைக்கவேண்டிய இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணனின் மனைவியான ஓரகத்தி மட்டும் குளிர்பானத்தையும் ஐஸையும் ஒரு பெட்டியில் அடைத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன்தான் வண்டி ஓட்டினார், தனக்கு மட்டுமே தெரிந்த குறுக்கு வழியில். அவர் ஓட்டுகிற அழகைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நடுவில் ஓரகத்தி கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொல்லி, கணவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது.

கரையில் மருந்துக்கும் நிழலில்லை. இருந்த ஒற்றை மரத்தடியில் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். அது சூடானால் கெட்டுவிடுமாம். சூரியன் உச்சிக்கு வந்த நல்ல நேரத்தில் விழா தொடங்கியது. சாக்கு ஓட்டத்தில் அண்ணனே முதல் பரிசு. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணிக்கும் அவரே இழுத்தார். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னவளின் கையில் ஒரு விசிலைத் திணித்து, “நீ இதை மட்டும் ஊது, போதும்” என்றார். அவளும் ஊதினாள்.

ஓட்டப்பந்தயத்தின் பாதியில் அவர் நின்றுவிட்டார். ஓரகத்தியைப் பார்த்து, “அந்த டபுள் மெத்தையை இறக்கி வெளிய போடு, ஆள் வந்தாச்சு” என்றார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவருடைய இன்னொரு தம்பி கைகூடத் தட்டினான். அவர் பந்தயக் கோட்டை விட்டு ஸ்பீக்கரிடம் போய், அதனிடம் விலை சொல்ல ஆரம்பித்தார். தள்ளுபடியும் கொடுத்தார். சிரிப்பு இன்னும் பெரிதானது.

அவள் ஓடிப்போய் அவர் கையைத் தொட்டாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. காலையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த வியர்வையைக் காணோம். “பாட்டை நிறுத்துங்க!” என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் கால் மடங்கி மண்ணில் சரிந்தார்.

போனை எடுத்தாள். அவளுடைய மையமேதான். எதிர்முனையில் பக்கத்து இருக்கைக்காரர்.

“சொல்லுங்க, என்ன அவசரம்?”

“சீக்கிரம் வாங்க! அத்தான் விழுந்துட்டாரு! சீக்கிரம்!”

“எங்கே இருக்கீங்க?”

“இங்கதான்! ஏரிக்கரையில!”

“மேடம்? நீங்களா? ஏரிக்கு எந்தப் பக்கம் மேடம்? வரைபடத்துல உங்க போன் காட்டற வட்டம் ஏரி முழுக்க இருக்கு.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். தண்ணீர், மண், கறுப்புச் சட்டைகள். “ஒரு... மரம் இருக்கு” என்றாள். தன் குரலைக் கேட்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது. கணவனைப் பார்த்தாள், அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான். வழி தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடந்தார்.

ஓரகத்தி போனைப் பிடுங்கினாள். “பெட்ரோல் பங்க் தாண்டி செங்கல் சூளை வரும். அங்க இடது பக்கம் மண் ரோடு. நேரா வந்தா கரைதான். அந்த பங்க்ல கழிப்பறை பூட்டியிருந்துச்சு, சாவி வாங்க நின்னதுல வழியெல்லாம் பார்த்துவச்சேன்.”

“வண்டி கிளம்பிடுச்சு. இப்ப மேடம்கிட்ட குடுங்க. மேடம், முதல்ல ஆளை நிழலுக்குக் கொண்டுபோங்க. மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.”

தெரியும்தான். ஆயிரம் பேருக்குச் சொன்னதுதான். ஆனாலும் அதை இன்னொருவர் அமைதியாகச் சொன்ன பிறகுதான் அவள் எல்லோரையும் கூப்பிட்டு அவரைத் தூக்கச் சொன்னாள். ஸ்பீக்கரை உதைத்துத் தள்ளிவிட்டு மரத்தடியில் அவரைக் கிடத்தினார்கள். ஓரகத்தி பழம் நறுக்கும் கத்தியால் ‘ஓடு, ஆடு, வாழு’வைக் கழுத்திலிருந்து தொப்பைவரை கிழித்தாள். பெட்டியிலிருந்த ஐஸ் கழுத்துக்கும் அக்குளுக்கும் போனது. ஏரித் தண்ணீரில் நனைத்த துண்டுகள் மேலெல்லாம். கைதட்டிய தம்பி பரிசுச் சான்றிதழ்களை அடுக்கி விசிறினான். அவை உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான். யாரோ வாயில் குளிர்பானம் ஊற்றப் போனபோது அவள் தட்டிவிட்டாள். “நினைவில்லாத ஆளுக்கு ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிடும்!”

ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணன் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் மருத்துவர். அவரோ கண் விழித்ததும், “துணி சரியில்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றார்.

அழைப்பு மையத்தில் அவளுடைய போன் பேச்சை, அவள் சம்மதத்தோடுதான், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பதற்றத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு அது நல்ல பாடமாம். “ஒரு மரம் இருக்கு” என்ற இடத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். “நானும் இப்படித்தான் சிரிச்சுட்டிருந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தன் இருக்கைக்குப் போனாள்.

விடுமுறையின் மிச்சத்தை ஓரகத்தி கையில் எடுத்துக்கொண்டாள். வெயில் இறங்கியபின் பூங்காவில் நடை, பிள்ளைகளுக்குப் பந்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பரிசு கிடையாது, பாட்டு கிடையாது. வீட்டுக்கு வந்த அண்ணனையும் அழைத்துப்போய் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

அவர் அங்கிருந்தபடியே போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கணும், தெரியுமா? கறுப்புத் துணி போடவே கூடாது. இவ்வளவு பெரிய கண்டத்துல தப்பிச்ச அனுபவத்துல சொல்றேன்” என்று வகுப்பெடுத்தார். அவளையும் விடவில்லை. “ஏம்மா சைரன், இதையெல்லாம் நீ முன்னாடியே எடுத்துச் சொல்லியிருக்கக்கூடாதா?”

அவள் பாட்டிலைத் திறந்து நிறையத் தண்ணீர் குடித்தாள்.