கப்பல்களுக்கு மட்டும் ஒரு குரல்

தொண்ணூறுகளில் என் கணவருக்கு வடதுருவக் கரையில், ஒரு வானொலி நிலையத்தில் வேலை. எங்கே பனிப்பாறை மிதக்கிறது, எந்த வழி உறைந்துவிட்டது என்று கப்பல்களுக்கு அறிவிப்பார். நான் டொரொன்டோவில், மோர்னிங்சைட் வீட்டில் தனியே.

ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் பொறும்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அறிவிப்பை வாசித்தார். ஒவ்வொரு வரியையும் ஆறுதலாக, இரண்டு தரம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் குரலில் அவர் என்னோடு பேசியதில்லை. முகம் தெரியாத அந்தக் கப்பல்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பி வந்து, "என்ன சொல்லிக்கொண்டிருந்தனீர்?" என்றார்.

"வாசல்படி ஐஸில வழுக்கி விழுந்துபோனன் எண்டு சொன்னனான்."

"பாத்து நடக்கத் தெரியாதே?" என்று சினந்தார்.

"ஐஸ் கிடக்குதெண்டு எனக்கு ஆர் அறிவிக்கிறது? நான் என்ன கப்பலே?"