ஓடாத ப்ளோயரும் வெர்னா கோவலும்

பனிக்காலணியைக் கழற்றும்போதே வெர்னா கோவல் விசாரணையைத் தொடங்கிவிடுவார். "உறுமுதா, இல்ல ஊமையா கிடக்கா?" பதில் வருவதற்குள் நிலவறைப் படிகளில் பாதி இறங்கியிருப்பார். வீட்டுக்காரர் தயங்கினால், "நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வரும்.

கனடாவின் டாஃபின் ஊரில் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். வயது ஐம்பத்தேழு. கோட்டின் வலப்பையில் சூரியகாந்தி விதை, இடப்பையில் அதன் தோல். கொறிக்காமல் யோசிக்க மாட்டார். ஓரிடத்தில் நிற்கவும் மாட்டார். தேவாலயத்தில் நீண்ட பிரார்த்தனைக்கு நடுவே எழுந்துபோய்ச் சுவரோர வெப்பக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். பாதிரியார் அதைக் கண்டுகொள்வதை விட்டுப் பல வருடமாகிறது.

"சூட்டுக் காத்தைத் தள்ளுற ப்ளோயர் ஓடலேன்னா உடனே மோட்டார் போச்சும்பாங்க. பாதி வீட்டுல ஃபில்டரை மாத்திட்டு மூடியைச் சரியா மாட்டியிருக்க மாட்டாங்க. மூடி உள்ள இருக்குற சுவிட்சை அழுத்தலேன்னா அது எப்படி ஓடும்?" இதைச் சொல்லிக்கொண்டே முழங்கையால் மூடியை ஒரு தட்டுத் தட்டுவார். பல வீடுகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், எங்கள் தெரு வால்டர் பிலோஸ் வீட்டில் அப்படி முடியவில்லை. வெளியே மைனஸ் முப்பத்தாறு. வால்டருக்கு எண்பத்து நான்கு வயது, தனியாக இருக்கிறார். வின்னிபெக்கிலிருந்து முந்தின நாள் வந்திருந்த மகள் ஜாய்ஸ், அப்பாவின் பெட்டியைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டார். முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருந்தது.

"ஒரு தடவை வாசப்படி இறங்கினா திரும்ப ஏற விட மாட்டா" என்று வால்டர் என்னிடம் முணுமுணுத்தார்.

மூடி சரியாக இருந்தது. ஃபில்டரும் சுத்தம். தீ மூண்டது, மோட்டார் உறுமியது, ஆனால் ப்ளோயரின் சக்கரம் அசையவில்லை. சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் தீயும் அணைந்தது. வெர்னா மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை விரலால் சுண்டினார். தடையில்லாமல் சுழன்றது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கிளப்பி விடுறதுக்குத்தான் ஆள் இல்ல." மோட்டாருக்கு முதல் உந்தலைத் தரும் கெபாசிட்டரைக் கழற்றிக் காட்டினார். அதன் தலை பன்ரொட்டிபோல உப்பியிருந்தது. அந்த அளவில் அவர் வண்டியில் வேறு இல்லை. கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

"இதுக்குத்தான் சொன்னேன். கிளம்புங்கப்பா" என்றார் ஜாய்ஸ்.

"பொறு ஜாய்ஸ். ஸ்கூல்லயே மணி அடிக்கிறதுக்கு முன்னாடி பையைத் தூக்குறவதானே நீ. ஒரு மணி நேரம் கொடு" என்றார் வெர்னா.

போர்வைக்குள்ளிருந்து வால்டர் சொன்னார்: "பாவம் பார்த்து இழுத்தடிக்காதம்மா. செத்துப்போச்சுன்னா சொல்லிடு."

"சாகல. நீங்க டீயைக் குடிங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போன வெர்னா, நாற்பது நிமிடத்தில் தூசி படிந்த ஒரு கெபாசிட்டரோடு திரும்பினார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "கிடந்துச்சு" என்றார். மாட்டினார். மோட்டார் உறுமியது, சக்கரம் சுழன்றது. கூடத்தில் சூடான காற்று வரும் தரைத் துவாரத்துக்கு மேலிருந்த திரைச்சீலை மெல்ல உப்பியது. வால்டர் காலுறைப் பாதங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார். ஜாய்ஸ் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குளிர் முடியற வரைக்கும்தான்" என்று சொல்லி, பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

அன்று சாயங்காலம் கொழுக்கட்டை மாதிரியான பெரோகி கொஞ்சம் கொடுக்கலாமென்று வெர்னாவின் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் என் மூச்சு எனக்கே வெண்புகையாகத் தெரிந்தது. தண்ணீர் உறையாமலிருக்கக் குழாயைச் சொட்ட விட்டு, அதன் பக்கத்தில் ஒரு சிறிய மின்கணப்பை வைத்திருந்தார். நிலவறைக் கதவு திறந்திருந்தது. கீழே அவருடைய ஃபர்னஸ் மூடி கழன்று கிடந்தது, கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பிகள் வெறுமனே தொங்கின.

"நாளைக்குக் கடை திறந்துருவான்" என்றார், மேசையைச் சுற்றி நடந்துகொண்டே.

தொலைபேசி அடித்தது. வால்டரின் குரல் எனக்கும் கேட்டது: "இங்க சொகமா இருக்கும்மா. உன் வீட்டுல எப்படி?"

"வேர்த்துக் கொட்டுது" என்ற வெர்னா, கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.