ஆனி மேகம், மாசி நெல்

“...மேகம் ஆனி மாசத்துது, நெல்லு மாசி மாசத்துது. எந்த மாசத்துல நின்னு வே இத எடுத்தான்?” என்று கேட்டுவிட்டு, உரக்கடை அண்ணாச்சி சுவரில் குத்தியிருந்த படத்தை நோக்கி இன்னும் ஒரு சாண் நெருங்கினார்.

அது என் படம். அவருக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். பெயர் எழுதாமல் படங்களைக் குத்தி வைப்போம். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரத்தில் கடை. பயிரை விசாரிக்காமல் யாருக்கும் உரம் கொடுக்க மாட்டார். படத்தையும் அப்படித்தான் விசாரிப்பார். பச்சை தூக்கலாக இருந்தால், “கிளிய அரைச்சுல்லா ஊத்திருக்கான்” என்பார். “மலைய எதுக்கு நட்ட நடுவுல உக்கார வைக்கிய? தாலியா கட்டப்போவுது?” என்பார். இன்றும் பேருந்து ஜன்னலில் பொதிகை தெரிந்தால் நான் இருக்கையில் சற்று நகர்ந்து உட்காருகிறேன்; மலை பைய ஓரத்துக்குப் போய்விடுகிறது.

அன்று கண்காட்சிக்கு எங்களிடமிருந்து ஒரே ஒரு படம் போக வேண்டும். ஆறு வருடமாக என்னுடையது போனதில்லை. இந்த முறை போய்விடும் என்று அக்காவிடம் வேறு சொல்லிவைத்திருந்தேன். மாசிச் சாயங்காலம் எடுத்த படம். ஐப்பசியில் நட்ட பிசானப் பருவத்து நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. வானம்தான் கஞ்சித் தண்ணீர்போல வெளிறியிருந்தது. அதை நீக்கிவிட்டு, முந்தைய வருடம் ஆனிச் சாரல் நாளில் எடுத்த கருமேகத்தைக் கம்ப்யூட்டரில் மலைமேல் இறக்கினேன். பொய் என்றே தோன்றவில்லை. இரண்டும் நான் பார்த்தவைதானே? கனவில் இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா? இப்போது கைப்பேசியே கேட்காமல் வானத்தை மாற்றித் தருகிறது. அப்போது அதற்கு நான் இரண்டு இரவு கண்விழித்தேன்.

மற்ற மூவரும் “இதான் போவணும்” என்று சொல்லி முடித்திருந்தார்கள். அண்ணாச்சி மட்டும்தான் பாக்கி. நான் பேசாமல் இருந்திருந்தால் போயிருக்கும்.

“நாந்தான் அண்ணாச்சி. மேகம் போன வருசத்துது.”

“இருக்கட்டும் வே! பாக்கவனுக்கு எங்க தெரியப்போவுது?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“என் கடைக்கு வாரவன் பூராப்பேருக்கும் தெரியும். ஆனிக் கருக்கல்ல இந்த நெல்லுக்கு வெயில் எங்கன இருந்து வே வருது?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. படத்தைக் கழற்றக் கை நீட்டினேன். அண்ணாச்சி என் கையைப் பைய விலக்கிவிட்டு, தானே ஊசிகளைப் பிடுங்கினார். மேகத்தையும் சிகரத்தையும் பின்பக்கமாக மடித்து, நகத்தால் அழுத்தி நீவினார். வயல் மட்டும் மிஞ்சியது. பாதி வயல் பொன்னாகக் கிடக்க, மறுபாதியில் மேற்கேயிருந்து ஒரு பெரிய நிழல் வந்து படுத்திருந்தது. எடுத்த நான் அதை அதுவரை பார்க்கவேயில்லை.

“மலை இங்கன கெடக்கு பாரும்,” என்றார்.

பிறகு, கண்காட்சிக்கென்று வைத்திருந்த காக்கி உறையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அந்தப் படத்தை உள்ளே வைத்தார்.