சாவி இருக்கிறது, பவர் இல்லை

“...சாவி என்கிட்டதான் இருக்குண்ணே, தெறக்கற பவர்தான் எனக்கு இல்ல,” என்றாள், எங்கள் அடுக்குமாடி நிர்வாக ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கும் பெண்.

மேசைக்கு இந்தப் பக்கம் நானும் பக்கத்து வீட்டுக்காரரும். பன்னிரண்டாம் மாடியில் அவருடைய அம்மா சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். ஆட்கள் ஏறும் லிஃப்ட்டில் பெட்டி படுத்தவாக்கில் நுழையாது. சரக்கு லிஃப்ட்டில் நுழையும்; அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும்; அதற்குள் பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். மணி நாலைத் தாண்டியிருந்தது.

பவர் என்கிற சொல்லை எங்கள் ஊர் வாயில் கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மீன் குழம்பு ருசித்தால் “பவர்லா!” கண்ணாடி மாற்றினால் “பவர் ஏறிப்போச்சு.” மழையில் விளக்கு அணைந்தால் “பவர் போச்சு.” அதிகாரம் என்ற தமிழ்ச்சொல்லை வீட்டுச் சண்டைக்குத்தான் எடுப்போம்: “ரொம்ப அதிகாரம் பண்ணாத.” ஆபீஸ் மேசைக்கு வந்தால் மட்டும் பவர்தான், அதுவும் இல்லாத பவர். இருக்கிறது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அதை ரசிக்கிற மனநிலை இல்லை.

“மேனேஜருக்கு இன்னொரு தடவ போன் அடிச்சுப் பாரும்மா,” என்றேன்.

“அடிச்சிட்டேதான் இருக்கேண்ணே. போன மாசம் யாரோ அலமாரி ஏத்தி கதவ ஒடச்சிட்டாங்க. அவரு ஓக்கே சொல்லாம தெறந்தா என் வேல போய்டும்லா.”

“ஒரு லிஃப்ட்டுக்கு பிரதமர்கிட்டதான் போய் நிக்கணுமா?” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் மேசையோரம் நெருங்கி வந்தார். “எங்கம்மாவ நிக்க வச்சா எறக்கச் சொல்ற, தங்கச்சி?” என்றார். குரல் உயரவேயில்லை.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. மேனேஜரின் செய்தி. படித்துவிட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆறு மணிக்கு வருகிறாராம், அதுவரை யாரும் லிஃப்ட்டைத் தொடக்கூடாதாம். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் ஐந்து மணி.

அவர் அந்தத் திரையைப் பார்த்தபடியே நின்றார்.

அவள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தாள். “கால் பக்கம் மொதல்ல வரணும், மேல சொல்லி வைங்கண்ணே,” என்றபடி முன்னால் நடந்தாள். எங்களோடு பன்னிரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, பெட்டி உள்ளே வந்து சேரும்வரை, மூட வந்த கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.