உப்பில்லாத கஞ்சியும் மாமாவின் கருவாடும்

இன்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு மாமாவோடு பஸ்ஸில் வந்தேன். அவருக்கு ரத்த அழுத்தம். வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை, கையில் பிடித்திருந்தார்.

“டாக்டர் சொன்ன மாதிரி உப்பை நிறுத்திட்டீங்களா?”

“கஞ்சியில ஒரு கல்லு சேக்கிறதில்ல மாப்ள. அத்தையையே கேளு.”

“அப்புறம் ஏன் வீக்கம் வத்தல?”

“அதான் தெரியல. சப்புனு இருக்குற கஞ்சி தொண்டையில எறங்குமா? ரெண்டு கருவாடு சுட்டுக் கடிச்சிக்கிறேன்.”

நான் ரசாயனம் படித்தவன், பொறுமை படிக்கவில்லை.

“கருவாட்டை எதுல ஊறவெக்கிறாங்க மாமா, பன்னீர்லயா?”

பஸ்ஸே சிரித்தது.

“நிலாவுக்கு ராக்கெட் விடுற காலத்துல எனக்கு ஒரு கருவாடு ஆகாதா?”

“ஆகாது. ஊறுகா, அப்பளம், மோர்மொளகா எதுவும் ஆகாது. கஞ்சியில எலுமிச்சம்பழம் புழிஞ்சிக்குங்க, சின்ன வெங்காயம் கடிச்சிக்குங்க. இந்தச் செருப்பைத் திரும்பக் கால்ல போடணுமா, வேணாமா?”

மாமா செருப்பையே பார்த்தார். பிறகு, மகள் வீட்டில் தங்கும்போது தின்ன எடுத்துவந்த கருவாட்டுப் பையை என் மடியில் தள்ளினார்.

இப்போது என் அறை முழுக்க நாற்றம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிரஷர் பார்த்துவிட்டு வரவும்.