ஸ்டெல்லா கூட்டியாந்த விருந்தாளி

ஓட்டல் வேலைன்னா மத்தவன் சாப்புடறத நின்னு பாக்குற வேலை, தட்டு தூக்குன ஒங்களுக்குத் தெரியாததா. சொல்றது அத்தனையும் சத்தியம். ஒரு சொல்லு பொய்யின்னாலும் நாளைக்கு நான் போடற ரொட்டி கருகட்டும்.

கட்டில் பரீட்சை

எம்பதுகள்ல மலேசியாவுல, கோலா சிலாங்கூர்ல எங்க ஓட்டலுக்கு, ஓட்டல் நிர்வாகம் படிக்கிற யூனிவர்சிட்டி பிள்ளைங்க வந்தாங்க. அவங்க வாத்தியார் செல்வதுரை சார், யாழ்ப்பாணத்துக்காரர். "எழுதலாம், வாயால சொல்லலாம், செஞ்சும் காட்டலாம். ஆருக்கு எது வருமோ அதை எடுங்கோ"ன்னாரு. எங்க காலத்துல பரீட்சைக்கு ரெண்டே வழி: அடி வாங்கு, இல்லாட்டி செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஓடு.

குமார்னு ஒருத்தன் மெத்தை விரிச்சுக் காட்டுனான். விருந்தாளி சொல்றதுக்கும் மார்க்காம். விருந்தாளியா என்னையப் படுக்கச் சொன்னாங்க. படுத்ததும் குறட்டை. சார் சொன்னாரு: "படுக்கை நல்லம் தம்பி. ஆனா இந்தாள் எழும்பிச் சொன்னாத்தான் மார்க்."

விருந்தாளி யாரு?

அதே கிளாஸ்ல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு, பேப்பரக் கண்டா அவளுக்குப் படிச்சதெல்லாம் மறந்துரும். எழுதுனதெல்லாம் பெயில். இதுவும் போச்சுன்னா படிப்ப விட்டுட்டு சபாக் பக்கத்து எஸ்டேட்ல அம்மாகூட ரப்பர் மரம் சீவணும். சாப்பாடு பரிமாறிக் காட்டுறேன், விருந்தாளி எங்கம்மான்னு சொன்னா.

"அம்மான்னா நல்லாருக்குன்னுதானே சொல்லுவாங்க, கள்ளாட்டம் லா"ன்னேன்.

"எங்கம்மாவத் தெரியாதுண்ணே ஒங்களுக்கு. பிரசங்கம் நீளம்னு பாதிரியார்கிட்டயே சொன்னவங்க."

சூப்பு

அம்மா வந்தாங்க. வீட்டுல எல்லாரும் தின்ன பெறகு அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்புடற ஆளு. நாக்காலி நுனியில ஒக்காந்தாங்க. சூப்ப வெச்சதும் எழுந்து, மகளுக்குப் பாதி ஊத்த கிண்ணம் தேடறாங்க.

"நீ சாப்ட்டியாடி?"

"அப்பறம் சாப்புடறேன், ஒக்காரும்மா."

ரொட்டி வெச்சா, தட்டு கழுவ எழும்பறாங்க. ஒக்கார வெச்சு ஒக்கார வெச்சே நேரம் போயிருச்சு. கடைசியில ஸ்டெல்லா குனிஞ்சு, "சூடா இருக்காம்மா? மாத்திக் கொண்டாரட்டா?"ன்னு கேட்டா. அம்மா கரண்டியப் புடிச்சபடி மகளையே பாத்தாங்க.

சார் கிட்ட வந்தாரு. "கவனிப்பு எப்பிடியம்மா?"

"சூப்பு ஆறிப்போச்சுங்க சார்."

ஸ்டெல்லா தரையப் பாத்தா. அம்மா சொன்னாங்க: "ஆனா சூடா இருக்கான்னு என்னைய ஒருத்தர் கேட்டது இன்னிக்குத்தான்."

ஸ்டெல்லாவும் பாஸு, குமாரும் பாஸு, எந்தப் பரீட்சையிலயும் பாஸாகாத என்னைய ஓசியில பேச வெச்சுட்டு நழுவாம ஆளுக்கொரு தே தாரிக் டீ சொல்லிட்டுப் போங்க.